புயலுக்கு முன்பே வரைபடத் தரவை நகலெடுத்து வைப்பது எப்படி?

2010 ஜனவரி 12 அன்று ஹெய்ட்டியை நிலநடுக்கம் உலுக்கியபோது தலைநகரில் இருந்த தேசிய வரைபட நிறுவனத்தின் கட்டடமும் இடிந்து விழுந்தது, அங்கே வேலை பார்த்த நிபுணர்கள் பலர் இறந்துபோனார்கள். எந்தத் தெரு எங்கே போகிறது, மருத்துவமனை எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டியவர்களே இடிபாட்டுக்குள். அப்புறம் உலகம் முழுக்க இருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, யாரும் திருத்தக்கூடிய இலவச உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தெருத் தெருவாக வரைந்துகொடுத்த வரைபடத்தை வைத்துக்கொண்டுதான் பல மீட்புக் குழுக்கள் வேலை செய்தன. 15 ஆண்டு கழித்து, 2025 செப்டம்பர் 26 அன்று, தென் கொரியாவின் டேஜான் நகரில் அரசுத் தரவு மையத்தில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பகம், 858 டெராபைட், எரிந்துபோனது. அளவு பெரியது என்று சொல்லி வெளியே நகல் எடுக்காமல் விட்டிருந்தார்கள். ஏழை நாடு, பணக்கார நாடு என்ற வித்தியாசமெல்லாம் இதில் கிடையாது.

இந்தக் கட்டுரை பெரிய தரவு மையம் நடத்துபவர்களுக்கானது அல்ல. கல்லூரி மாணவர்கள், ஊரில் இருக்கும் தன்னார்வக் குழு, பஞ்சாயத்து அலுவலகத்தில் கணினி பார்க்கும் ஒருவர், இவர்களுக்காக எழுதுகிறேன். ஒரு லேப்டாப், இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க், சுமாரான இணைய இணைப்பு, இவ்வளவு போதும். நிரல் எழுதத் தெரிய வேண்டாம், கருப்புத் திரையில் ஒரு வரி தட்டச்சு செய்யத் தயங்காமல் இருந்தால் சரி.

உதாரணத்துக்கு நாகப்பட்டினம் மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் இணையத்தில் இருக்கும் எந்த அருமையான வரைபடமும் உதவாது. உங்கள் கையில் என்ன இருக்கிறதோ அதுதான் வரைபடம்.

எது இல்லாவிட்டால் வேலை நிற்கும்?

புதிதாக ஆரம்பிப்பவர்கள் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிடலாம் என்று பார்ப்பார்கள். வேண்டாம். ஒரு தாளை எடுத்து, புயலுக்கு அடுத்த மூன்று நாளில் யார் என்ன கேள்வி கேட்பார்கள் என்று எழுதுங்கள். எந்தச் சாலையில் லாரி போகும், எந்தப் பாலம் குறுகலானது, பக்கத்தில் புயல் பாதுகாப்பு மையம் எது, எந்தப் பள்ளியில் மாடி இருக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே, எந்த வாய்க்கால் எந்த ஆற்றில் வடிகிறது, ஷட்டர் எங்கே இருக்கிறது. இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் லேயர்கள்தான், அதாவது ஒவ்வொரு வகைத் தகவலுக்கும் தனித்தனியான அடுக்குகள்தான், முக்கியம்: சாலை, பாலம், கட்டடம், மருத்துவமனை, பள்ளி, நீர்நிலைகள், ஊர் எல்லைகள், நிலத்தின் உயரம். மற்றதெல்லாம் அப்புறம்.

இந்தப் பட்டியலை நீங்களே உட்கார்ந்து போடாமல், வி.ஏ.ஓ., தீயணைப்பு நிலையத்தில் இருப்பவர், மீனவர் கிராமத்துப் பெரியவர் என்று ஓரிருவரிடம் கேட்டுப் போடுவது நல்லது. வரைபடம் தெரிந்தவர்களுக்குத் தோன்றாத கேள்விகள் அவர்களிடம்தான் இருக்கும்.

படமா, தரவா?

ஒரு தளத்தில் வரைபடம் தெரிகிறது என்பதாலேயே அதன் தரவு உங்களுக்குக் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. திரையில் பெரும்பாலும் தெரிவது சின்னச் சின்னச் சதுரப் படங்கள். அவற்றைச் சேமித்தால் பார்க்கலாம், அவ்வளவுதான். எத்தனை மருத்துவமனை என்று எண்ண முடியாது, வழி கண்டுபிடிக்க முடியாது, உடைந்த சாலையைக் குறித்துவிட்டு மாற்று வழி கேட்க முடியாது. இஸ்ரோவின் புவன் உட்பட அரசுத் தளங்களில் பல லேயர்கள் இப்படிப் படமாகவே கிடைக்கின்றன. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் படச் சதுரங்களை மொத்தமாக இறக்குவதை அவர்களின் விதிகளே தடை செய்கின்றன, நன்கொடையில் ஓடும் சர்வர்கள் அவை. அதன் தரவை மொத்தமாக எடுக்க வேறு முறையான வழி இருக்கிறது.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை எடுப்பது

முழு உலகத்துக்குமான ஃபைல் 80 ஜிபியைத் தாண்டும், அது உங்களுக்குத் தேவையில்லை. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் இருக்கும் ஜியோஃபாப்ரிக் என்ற நிறுவனம் உலகத்தை நாடு, மண்டலம் என்று பிரித்துத் தினமும் புதுப்பித்து இலவசமாகத் தருகிறது. இந்தியாவுக்குள் தென் மண்டலம் என்று ஒரு ஃபைல் இருக்கும், தமிழ்நாடு அதில் அடங்கும். இலங்கை வாசகர்களுக்குத் தனி ஃபைலே உண்டு. பிபிஎஃப் என்ற வடிவத்தில் இருப்பதை இறக்குங்கள், அளவு சில நூறு எம்பிதான். பக்கத்திலேயே எம்டி5 என்று ஒரு குட்டி ஃபைல் இருக்கும், அதையும் இறக்குங்கள். அதில் இருக்கும் நீண்ட எண்ணும், உங்கள் கணினி அந்தப் பெரிய ஃபைலுக்குக் கணக்கிட்டுச் சொல்லும் எண்ணும் ஒன்றாக இருந்தால் ஃபைல் முழுதாக வந்திருக்கிறது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இந்தக் கணக்கைப் போடும் கட்டளை ஏற்கெனவே இருக்கிறது. இணைப்பு பாதியில் அறுந்து குறையாக வந்த ஃபைல்கூட வெளிப்பார்வைக்கு முழு ஃபைல் மாதிரியே இருக்கும், அதனால் இந்த ஒரு நிமிட வேலையைத் தவிர்க்காதீர்கள்.

அடுத்து, தென் மண்டலத்திலிருந்து உங்கள் பகுதியை வெட்டி எடுக்க ஆஸ்மியம் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. இங்கே இரண்டு விஷயத்தில் கவனமாக இருங்கள். முதல் விஷயம், வெட்டும்போது அதில் சில முறைகள் உண்டு, ஸ்மார்ட் என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். ஏரி, பெரிய குளம், ஆற்றின் பரப்பு போன்றவை பல கோடுகள் சேர்ந்த பல்கோணங்களாக இருக்கும். இந்த முறையில் வெட்டினால் ஓரத்தில் இருக்கும் ஏரி பாதியாக உடையாமல் முழுதாக வரும்.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியமானது. மாவட்ட எல்லையோடு ஒட்டி வெட்டாதீர்கள். நாகையிலிருந்து வடக்கே தரங்கம்பாடிக்குப் போகும் கடற்கரைச் சாலை காரைக்கால் வழியாகப் போகிறது, காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. தமிழ்நாடு என்று மட்டும் வெட்டினால் நடுவில் ஒரு ஓட்டை விழுந்து சாலை அறுந்துபோகும். அதோடு 2020-ல் மயிலாடுதுறை தனி மாவட்டமாகப் பிரிந்தது, ஆனால் இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் பல எல்லைக் ஃபைல்கள் அதற்கு முந்தையவை. வெள்ளமும் ஆம்புலன்சும் மாவட்ட எல்லை பார்ப்பதில்லை. சுற்றிலும் குறைந்தது 20 கிலோமீட்டர் சேர்த்து ஒரு செவ்வகமாக வெட்டுங்கள், அளவு கொஞ்சம் கூடினால் பரவாயில்லை.

உயரத் தரவு

ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் என்ற செயற்கைக்கோள் திட்டத்தின் உயரத் தரவு, ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஓர் உயரம் என்ற கணக்கில், இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி என்ற கட்டங்களாகப் பிரித்திருப்பார்கள், நாகை, வேதாரண்யம் இரண்டும் வடக்கு 10, கிழக்கு 79 என்ற கட்டத்துக்குள் வரும். ஓரக் கட்டங்களையும் சேர்த்து எடுங்கள். ஒரு எச்சரிக்கை: இது மரத்தின் உச்சி, கட்டடத்தின் மாடி எல்லாம் சேர்ந்த மேற்பரப்பின் உயரம். இதன் பிழை அளவு சில மீட்டர் வரை இருக்கலாம். டெல்டாவின் கடைமடைப் பகுதியில் நிலமே கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் மேலேதான் இருக்கிறது. ஆகவே இதை வைத்து இந்தத் தெருவில் தண்ணீர் வரும், அந்தத் தெருவில் வராது என்று யாருக்கும் சொல்லிவிடாதீர்கள். தண்ணீர் பொதுவாக எந்தப் பக்கம் சாயும் என்று பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அரசுத் தளங்களிலிருந்து எடுக்கும்போது

இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். தரவைத் தரும் பல சர்வர்கள் ஒரு முறைக்கு 1000 அல்லது 2000 பதிவுகள் மட்டுமே அனுப்பும். நீங்கள் பள்ளிகள் லேயரை இறக்குவீர்கள், பிழை எதுவும் காட்டாமல் ஃபைல் வந்துவிடும், திறந்தால் புள்ளி புள்ளியாக அழகாகத் தெரியும். உண்மையில் 4700 பள்ளிகளில் முதல் 2000 மட்டும் வந்திருக்கும். அதனால் இறக்கும் முன் மொத்தம் எத்தனை என்று சர்வரிடம் கேளுங்கள், எண்ணிக்கையை மட்டும் கேட்கும் வசதி பெரும்பாலான சர்வர்களில் உண்டு. இறக்கிய பின் உங்கள் ஃபைலில் எத்தனை என்று பாருங்கள். சரியாக 1000 அல்லது 2000 என்று இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள், பகுதி பகுதியாகக் கேட்டு மீதியை வாங்குங்கள். ஒரு கோரிக்கைக்கும் அடுத்ததற்கும் நடுவே சில நொடி இடைவெளி விடுங்கள். அந்தச் சர்வரை இன்னும் பலர் பயன்படுத்துகிறார்கள்.

உரிமத்தையும் பாருங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை யாரும் நகலெடுக்கலாம், பகிரலாம், ஆனால் யாருடையது என்று பெயர் போட வேண்டும், அதை மேம்படுத்தி வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். இந்திய அரசின் திறந்த தரவுத் தளத்தில் இருப்பவை பெரும்பாலும் அரசின் திறந்த தரவு உரிமத்தில் இருக்கின்றன. உரிமம் எதுவும் எழுதாமல் கிடக்கும் தரவை உள் பயன்பாட்டுக்கு வைத்துக்கொள்வது வேறு, பொதுவில் போடுவது வேறு. பொதுவில் போடும் முன் அந்தத் துறைக்கு எழுதிக் கேளுங்கள்.

தளம் இன்று இருப்பதால் நாளையும் இருக்கும் என்று நம்ப வேண்டாம். அமெரிக்காவில் மருத்துவமனை, தீயணைப்பு நிலையம், மின்பாதை போன்ற லேயர்களை உள்துறைப் பாதுகாப்புத் துறை ஹிஃபில்டு ஓப்பன் என்ற தளத்தில் பொதுவில் வைத்திருந்தது. 2025 ஆகஸ்ட்டில் அதை மூடிவிட்டார்கள். அந்தத் தளத்தில் தீப்பிடிக்கவில்லை, வெள்ளம் புகவில்லை, நிர்வாக முடிவு ஒன்றுதான். மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் தன்னார்வலர்கள் நகலெடுத்து வைத்ததால் அந்த லேயர்களில் பல மூடிய பிறகும் பொதுவில் கிடைக்கின்றன.

எந்த வடிவத்தில் வைப்பது

வரைபடத் தரவு பெரும்பாலும் கிடைக்கும் பழைய வடிவமான ஷேப்ஃபைல் என்பது உண்மையில் ஒரு ஃபைல் இல்லை, ஒரே பெயரில் நாலைந்து ஃபைல்கள். அதில் ஒன்றை விட்டுவிட்டு நகலெடுத்தால் தொல்லைதான். பிஆர்ஜே என்பது விடுபட்டால் ஆயத்தொலைவு முறை (இடங்களை எண்களால் குறிக்கும் முறை) எது என்று தெரியாது, பழைய எவரெஸ்ட் முறையில் இருக்கும் தரவை இப்போதைய டபிள்யூஜிஎஸ்84 என்று நினைத்துத் திறந்தால் எல்லாமே நூறு மீட்டருக்கு மேல் தள்ளி நிற்கும். தரவு அட்டவணையில் நெடுவரிசையின் பெயர் 10 எழுத்துக்கு மேல் போகாது, தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறிப்போவதும் நடக்கும். அதனால் கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் திறந்து ஜியோபேக்கேஜ் வடிவத்தில் சேமியுங்கள். ஒரே ஃபைல், அதற்குள் எத்தனை லேயர் வேண்டுமானாலும் இருக்கலாம், தமிழ் எழுத்து கெடாது.

ஆனால் ஒன்று. கியூஜிஐஎஸ் திறந்திருக்கும்போது ஜியோபேக்கேஜை நகலெடுக்காதீர்கள். கடைசியாகச் செய்த மாற்றங்கள் பக்கத்தில் தோன்றும் டபிள்யூஏஎல் என்ற தற்காலிக ஃபைலில் இருக்கும், முதன்மை ஃபைலை மட்டும் நகலெடுத்தால் அந்த மாற்றங்கள் போய்விடும். மென்பொருளை மூடிவிட்டு நகலெடுங்கள். ஃபைல் பெயர்களை மட்டும் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், தேதியோடு வையுங்கள். கொ போன்ற எழுத்துகளை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும், அதனால் ஒரு கணினியில் கிடைக்கும் ஃபைல் இன்னொன்றில் தேடினால் கிடைக்காமல் போகலாம்.

சிங்க் வேறு, நகல் வேறு

தரவைத் தொடர்ந்து புதுப்பிக்க ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அழகான ஏற்பாடு இருக்கிறது. நிமிடம், மணி, நாள் என்று மூன்று கால அளவில் மாற்றங்களை மட்டும் தனி ஃபைலாக வெளியிடுகிறார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை எண். நீங்கள் கடைசியாக வாங்கிய எண் தெரிந்தால் போதும், அடுத்த எண்ணிலிருந்து ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்துக்கொண்டே வரலாம். நாலு நாள் இணையம் இல்லாமல் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஜியோஃபாப்ரிக்கும் தன் மண்டல ஃபைல்களுக்குத் தினசரி மாற்றங்களைத் தருகிறது. பைஆஸ்மியம் என்ற கருவி அந்த எண்ணை ஃபைலின் தலைப்பிலிருந்தே படித்து, மீதி வேலையைத் தானே செய்துவிடும். தென் மண்டல ஃபைலைப் புதுப்பித்துவிட்டு, அதிலிருந்து உங்கள் செவ்வகத்தை மறுபடி வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டிய துண்டை நேராகப் புதுப்பித்தால் வெளிப் பகுதிகளின் மாற்றங்களும் அதில் வந்து சேரும்.

இவ்வளவும் செய்துவிட்டு, நகல் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. சிங்க் என்பது அங்கே நடப்பதை இங்கே நடத்துவது. அங்கே யாரோ தெரியாமல் ஒரு ஊரின் சாலைகளை அழித்தால் இங்கேயும் அழியும். புயல் நேரத்தில் ஆர்வக் கோளாறில் புதியவர்கள் பலர் ஒரே சமயத்தில் திருத்துவார்கள், அப்போது இது நடக்க வாய்ப்பு அதிகம். ஆகவே தேதியிட்ட, யாரும் தொடாத நகல்கள் தனியாக இருக்க வேண்டும். கடைசி ஏழு நாளுக்கு ஒவ்வொன்று, கடைசி நாலு வாரத்துக்கு ஒவ்வொன்று, பன்னிரண்டு மாதத்துக்கு ஒவ்வொன்று என்று வைத்துக்கொண்டு பழையதைக் கழித்து வரலாம். ரெஸ்டிக் என்ற இலவசக் கருவி மாறிய பகுதியை மட்டும் சேமிப்பதால் இடம் அதிகம் பிடிக்காது. அது எல்லாவற்றையும் கடவுச்சொல்லால் பூட்டி வைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள், கடவுச்சொல் தொலைந்தால் தரவும் தொலைந்தது. அதைத் தாளில் எழுதி இரண்டு பேரிடம் கொடுங்கள்.

எங்கே வைப்பது

மூன்று நகல், இரண்டு வகைச் சேமிப்பு ஊடகம், ஒன்று வெளியூரில். எல்லோரும் சொல்லும் விதி இது, சரியான விதிதான். ஆனால் வெளியூர் என்றால் எது என்று யோசிக்க வேண்டும். நாகையில் ஒன்று, வேளாங்கண்ணியில் ஒன்று என்றால் இரண்டையும் ஒரே புயல் எடுத்துக்கொண்டு போய்விடும். கடலூரும் வேண்டாம், 2011 டிசம்பர் 30 அன்று தானே என்ற பெயர் கொண்ட புயல் வந்த இடம், அதே கடற்கரை. மதுரையோ கோயம்புத்தூரோ நல்ல தேர்வு. கிளவுடில் வைத்தாலும் எந்த நகரத்து மையம் என்று பாருங்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று எரிந்தபோது, நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கே 2024 டிசம்பர் 15 அன்று ஆம்ஸ்டர்டாமில் இருந்த முதன்மைச் சர்வர்களின் இணைய இணைப்பு அறுந்தது. டப்ளினில் இரண்டாவது இடம் இருந்ததால் படிக்க மட்டும் முடிகிற நிலையில் வரைபடம் தொடர்ந்து கிடைத்தது, திருத்தம் மட்டும் சீராகும் வரை நின்றது. நகல் வேலை செய்வது என்றால் இதுதான்.

ஹார்ட் டிஸ்கைத் தரைத்தளத்தில், மேசைக்கு அடியில் வைக்காதீர்கள். பென் டிரைவில் வைப்பதாக இருந்தால் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள், பழைய ஃபேட்32 முறையில் 4 ஜிபிக்கு மேலான ஃபைலை எழுத முடியாது.

போனிலும் ஒரு நகல் வையுங்கள். நெருக்கடியில் உண்மையில் கையில் இருக்கப்போவது அதுதான். ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஓஎஸ்எம்ஆண்ட் செயலியில் உங்கள் பகுதியை இறக்கிவைத்தால் இணையம் இல்லாமலே தேடலாம், வழி பார்க்கலாம். கியூஃபீல்டு செயலியில் உங்கள் ஜியோபேக்கேஜையே திறந்து, விழுந்த மரம், உடைந்த பாலம் என்று குறித்துக்கொள்ளலாம். ஒன்றியத்துக்கு ஒரு தாள் என்று பெரிய அச்சுப் படமும் எடுத்து உறை போட்டு வையுங்கள், சார்ஜ் தீர்ந்த மூன்றாம் நாள் அது உதவும்.

குறிப்புச் சீட்டு

ஒவ்வொரு ஃபோல்டரிலும் சாதாரண எழுத்து ஃபைல் ஒன்று இருக்கட்டும். தரவு எங்கிருந்து வந்தது, எந்தத் தேதியில் இறக்கியது, தரவுக்குள் இருக்கும் நிலவரம் எந்தத் தேதிக்கானது, ஆயத்தொலைவு முறை, உரிமம், பதிவுகளின் எண்ணிக்கை, ஒவ்வொரு ஃபைலுக்கும் எஸ்ஹெச்ஏ-256 எண் (எம்டி5 போலவே ஃபைல் மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்). இதைத் தமிழில் எழுதுங்கள், நீங்கள் ஊரில் இல்லாத நாளில் வேறு யாரோதான் திறக்கப்போகிறார்கள்.

எதைச் சேர்க்கக் கூடாது என்பதும் அதில் இருக்க வேண்டும். நிவாரணம் வாங்கியவர்கள் பட்டியல், வீட்டு எண்ணோடு சேர்ந்த தொலைபேசி எண், தனியாக வாழும் முதியோர் விவரம், இதெல்லாம் அதிகாரிகளிடம் இருக்க வேண்டியவை, பத்துப் பேர் கைமாறும் ஹார்ட் டிஸ்கில் இருக்கக் கூடாது. மிக நுண்ணிய அளவீட்டுத் தரவுகளுக்கு 2021-ல் இந்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில் சில கட்டுப்பாடுகள் உண்டு, ட்ரோன் படம் போன்றவற்றைப் பகிரும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

ஒத்திகை

செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், ஒரு நாளை ஒதுக்குங்கள். தரவைத் தயாரித்தவர் கையை வைக்கக் கூடாது, குழுவில் புதிதாக வந்த ஒருவர் செய்ய வேண்டும். வைஃபையை அணையுங்கள், போனை ஏரோப்பிளேன் மோடில் போடுங்கள். கியூஜிஐஎஸ் இதுவரை நிறுவாத ஒரு லேப்டாப், வெளியூரிலிருந்து வரவழைத்த ஹார்ட் டிஸ்க், குறிப்புச் சீட்டு, இவ்வளவுதான் அவரிடம். பெரும்பாலும் இந்த இடத்திலேயே முதல் ஓட்டை தெரிந்துவிடும்: தரவு இருக்கும், மென்பொருளை நிறுவும் ஃபைல் இருக்காது. அதையும் டிஸ்கில் சேர்க்க வேண்டும். கியூஜிஐஎஸ்ஸில் பின்னணிப் படம் வெள்ளையாக வந்தால், நீங்கள் இத்தனை நாள் பார்த்தது இணையத்திலிருந்து வந்த படம் என்று அர்த்தம்.

திறந்ததும் கேள்விகளைக் கொடுங்கள். தலைஞாயிறிலிருந்து திருத்துறைப்பூண்டி அரசு மருத்துவமனைக்குப் பிரதான சாலை அடைபட்டால் வேறு வழி என்ன? கோடியக்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் புயல் பாதுகாப்பு மையங்கள் எவை? வேதாரண்யம் கால்வாய் எங்கே கடலோடு சேர்கிறது? பதில்களை ஊர் தெரிந்த ஒருவர் சரிபார்க்கட்டும். எண்ணிக்கைகளைக் குறிப்புச் சீட்டோடு ஒப்பிடுங்கள். விடுபட்ட மையங்களையும் தவறான பெயர்களையும் அன்றே எழுதி வைத்து, அந்த வாரத்துக்குள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலேயே திருத்துங்கள், அப்போது உங்கள் நகலும் சரியாகும், மற்றவர்கள் நகலும் சரியாகும்.

பகிரக்கூடிய தரவாக இருந்தால் ஒரு நகலை இன்டர்நெட் ஆர்க்கைவிலோ, செர்ன் ஆய்வு மையம் நடத்தும் செனோடோ என்ற தரவுக் களஞ்சியத்திலோ போடுங்கள். செனோடோவில் ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இலவசம், மாறாத அடையாள எண்ணும் கிடைக்கும். அந்த இணைப்பையும், டிஸ்க் யாரிடம் இருக்கிறது என்பதையும், கலெக்டர் அலுவலகத்தின் பேரிடர் மேலாண்மைப் பிரிவுக்கும் பக்கத்துக் கல்லூரிக்கும் தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், அக்டோபர் முதல் வாரத்துக்குள்.